அரை நிமிடம் முந்திய கோல்

முதலில் குரல் கட்டியது. அதை நோய் என்று நான் நினைக்கவே இல்லை. சனிக்கிழமை மாலை இங்கிலாந்துக் கால்பந்து லீக் பார்த்துவிட்டு ஞாயிறு காலை பூசைக்குப் போனால், பாட்டுக்கு வாய் அசையும், சத்தம் வராது. பல வருடங்களாக அப்படித்தான். இந்த முறை புதன்கிழமை ஆகியும் குரல் திரும்பவில்லை. அந்த வாரம் எங்கள் அணி ஜெயித்திருந்தது. கொஞ்சம் கூடுதலாகக் கத்தியிருப்பேன் என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம் தோற்றது. அதற்கும் கத்தினேன். சீசன் முடிந்தால் சரியாகிவிடும் என்று கஷாயம் குடித்துக்கொண்டிருந்தேன்.

நான் பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். திருமணம் செய்துகொள்ளவில்லை. மயிலாப்பூரில், சாந்தோமுக்குப் போகும் வழியில், ஓர் அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில் தனியாக இருக்கிறேன். ஸ்ட்ரீமிங் சந்தா கட்டி வெளிநாட்டு ஆட்டங்கள் பார்க்க ஆரம்பித்தது ஓய்வுக்குப் பிறகுதான். மைதானத்தில் கத்தியே பழகிய தொண்டை. வீட்டில் அதற்கு வேறு வேலை இல்லை. மற்ற நாட்களில் காய்காரரிடமும் வாட்ச்மேனிடமும் நாலு வார்த்தை பேசுவதோடு சரி.

சுவருக்கு அந்தப் பக்கம் யூசுப் குடும்பம். ராயப்பேட்டையில் ஸ்கூல் பை தைத்து விற்கும் கடை வைத்திருக்கிறார். அவரை எங்கள் அணிக்கு இழுத்ததே நான்தான். ஒரே ஆப்தான், ஆனால் என் திரை அவர் டிவியைவிட அரை நிமிடம் முந்தி ஓடும். அங்கே பந்து இன்னும் நடு மைதானத்தில் உருண்டுகொண்டிருக்கும். இங்கே நான் கோல் என்று அலறிவிடுவேன். மறுநாள் மாடிப்படியில் பிடித்துக்கொள்வார்.

"இன்னா டீச்சர் நீங்க? ஒரு கோலாவது என்னைப் புதுசா பாக்க வுடுங்க. எல்லாமே உங்க வாயால தெரிஞ்ச கோலாத்தான் கீது."

அடுத்த சனிக்கிழமை அடக்கிக்கொள்கிறேன் என்பேன். அடக்கிக்கொண்டதில்லை.

அடையாறில் இருக்கும் என் தங்கை ஸ்டெல்லா போனில் என் குரலைக் கேட்டு, "யாருங்க பேசுறது?" என்று கேட்டாள். அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் மூக்கு வழியாக மெல்லிய கேமரா குழாயை விட்டுப் பார்த்தார். மேட்ச் பார்த்துக் கத்தியதால் வந்தது என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"கத்தினதுன்னா சில நாள்ல சரியாயிடும்மா. மூணு வாரத்துக்கு மேல குரல் இப்படியே இருந்தா வேற காரணம் இருக்கான்னு பாக்கணும்."

இதே இடத்தில் இப்போது நிற்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவதும் இதைத்தான். உங்கள் தொண்டைக்கு நீங்களே காரணம் கண்டுபிடிக்காதீர்கள். நான் கண்டுபிடித்த காரணம் எனக்குப் பிடித்த காரணம். அதனால்தான் அத்தனை மாதம் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பயாப்சி (சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) குரல்வளைப் புற்றுநோய் என்றது. சிகரெட்டைத் தொட்டதே இல்லையே என்றேன். புகைப்பவர்களுக்கு அதிகம் வரும், மற்றவர்களுக்கு வராது என்றில்லை என்றார் மருத்துவர். குரல் நாண்களைத் தாண்டிப் பரவியிருந்ததால் லாரிங்கெக்டமி (குரல்வளையை முழுதாக அகற்றும் அறுவை சிகிச்சை), அதன்பின் கதிர்வீச்சு.

அறுவைக்கு முந்தின நாள் ஸ்டெல்லா தன் போனை என் முன்னால் நீட்டினாள். "ஏதாவது பேசுக்கா, ரெக்கார்ட் பண்ணி வெச்சுக்கறேன்."

என்ன பேசுவது? கடைசியில் கரகரத்த குரலில், மெதுவாக, "கோல்" என்றேன். அவள் அழுதாள். நானும் அழுதேன்.

இப்போது என் கழுத்தில் ஒரு ஸ்டோமா (மூச்சு விடுவதற்கான நிரந்தரத் துளை) இருக்கிறது. மூக்கு முகத்துக்கு அழகாக இருப்பதோடு சரி. காபியை ஊதி ஆற்ற முடியாது. இத்தனை வருடம் கழுத்தில் தொங்கிய விசிலை ஊத முடியாது. நொச்சிக்குப்பத்துப் பக்கமிருந்து காற்று அடித்தால் மீன் வாசனைக்கு ஜன்னலைச் சாத்துவேன். இப்போது திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறேன், ஒன்றும் வருவதில்லை. கழுத்தில் அழுத்திப் பேச ஓர் அதிர்வுக் கருவி கொடுத்திருக்கிறார்கள். அதில் தண்ணீர் வேண்டும் என்பதும் கோல் என்பதும் ஒரே தொனியில் வரும்.

அக்கம்பக்கத்தில் யாரிடமும் விஷயத்தைச் சொல்லவில்லை. தங்கை வீட்டுக்குப் போகிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தேன். சிகிச்சை முடிந்து திரும்பியபோது புது சீசன் தொடங்கியிருந்தது. ஒரு சாயங்காலம் யூசுப் மணி அடித்தார்.

"டீச்சர், என் மேல கோவமா? நான் சொன்னதுக்குத்தான் மேட்ச் பாக்கறதையே வுட்டுட்டீங்கன்னு நெனச்சிக்கினு இருக்கேன். வூட்ல சத்தமே இல்ல."

கழுத்தைச் சுற்றியிருந்த துணியை விலக்கிக் காட்டினேன். கருவியை வைத்து, "கோபம் இல்லை" என்றேன். அந்தச் சத்தத்தைக் கேட்டு அவர் தரையைப் பார்த்தார். பிறகு திரும்பிப் போய்விட்டார். கதவைச் சாத்தியபின் அன்றுதான் வீடு எனக்கு மிகவும் பெரிதாக இருந்தது. இனி அவரும் மாடிப்படியில் என்னைப் பிடித்துக்கொள்ள மாட்டார் என்று பயந்தேன்.

அந்தச் சனிக்கிழமை லேப்டாப்பைத் திறந்தேன். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் எங்கள் அணி கோல் போட்டது. என் வாய் பழக்கத்தில் திறந்துகொண்டது. கழுத்துத் துளை வழியே சூடான காற்று மட்டும் வந்தது. திரையில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த அரை நிமிடத்தை நான் முன்பு பார்த்ததே இல்லை. கத்தலிலேயே போய்விடும். இப்போது அது முடிகிற வழியாக இல்லை. இங்கே கோல் விழுந்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் இன்னும் விழவில்லை. நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு யூசுப் கத்தினார். இத்தனை வருடம் பக்கத்து வீட்டில் இருந்தும் அவர் கோலுக்குக் கத்தி நான் கேட்டதில்லை. நான் இடம் விட்டால்தானே. நல்ல குரல், அடிவயிற்றிலிருந்து வந்தது. பாதியில் சட்டென்று நின்றுவிட்டது. என் நினைவு வந்திருக்க வேண்டும்.

நான் எழுந்து போய்க் காபி டம்ளரால் சுவரில் ஓங்கித் தட்டினேன். மறுபடி தட்டினேன்.

மீதியையும் கத்தினார்.