தங்கை நிலத்தில் ஒரு லோடு கூடுதல்

லாரி ஓட்டுகிறவரை எல்லோரும் ஹாரன் மாமா என்பார்கள். தெருமுனை திரும்புவதற்குள் நாலு தரம் ஹாரன் அடித்துவிடுவார். அப்பா அம்மா போன பிறகு ஒரே தங்கையை வளர்த்துக் கரையேற்றியவர். அவள் நிலமும் பக்கத்துத் தையல்காரர் நிலமும் முலாம் பூசும் ஆலையின் கழிவுநீர் பாய்ந்து பாழானவை. ஆலையை மூடிய பிறகும் அங்கே விளைந்த கீரையை யாரும் தொடவில்லை. மண்ணில் தங்கிய உலோகம் வேர் வழியாக இலைக்கு ஏறுகிறதாம்.

அதற்கான மருந்து, காகித ஆலையின் பின்புறத்தில் கிடந்தது. அங்கே மிஞ்சிக் குன்றாய்க் குவிந்த சுண்ணாம்புச் சேற்றை மண்ணோடு கலந்தால், உலோகம் வேருக்கு எட்டாமல் மண்ணிலேயே கட்டுண்டு கிடக்கும். ஒரு நிலத்துக்கு இரண்டு லோடு, அதற்குமேல் ஒரு கூடைகூட வேண்டாம் என்று மண் பரிசோதிக்கிற அம்மா அழுத்திச் சொன்னார். ஏற்றி இறக்குகிற வேலை மாமாவுக்கு.

தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடுமே. தையல்காரர் வெளியூர் போயிருந்த அன்று, அவர் பங்கில் ஒரு லோடைத் தங்கை நிலத்தில் சாய்த்துவிட்டார். மருந்துதானே, கூடினால் சீக்கிரம் குணமாகும் என்று அவர் கணக்கு. தங்கையிடம், “அண்ணன் எதுக்கு இருக்கேன்?” என்று கண்ணைச் சிமிட்டினார்.

மழை வந்தது. தையல்காரர் நிலத்தில் திட்டுத்திட்டாகப் பச்சை. தங்கை நிலமோ வெள்ளைப் பொருக்குத் தட்டிக் கிடந்தது. தப்பி முளைத்த நாலு செடியும் மஞ்சளாகிச் சுருண்டன. மண் பரிசோதிக்கிற அம்மா ஒரு கட்டியை உடைத்துப் பார்த்து, யார் இவ்வளவு கொட்டச் சொன்னது என்றார்.

“நாந்தாம்மா கேட்டேன்” என்றாள் தங்கை.

லாரிக்குப் பின்னால் நின்ற மாமாவுக்கு உடம்பு கூசிப்போயிற்று. அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிமிர்ந்தாவது நின்றிருப்பார்.

கூடுதலாய்க் கொட்டியதைச் சுரண்டி, லோடு குறைந்த நிலத்தில் போடுவது ஒன்றுதான் வழி என்றாகிவிட்டது. அதற்குத் தையல்காரர் கடை வாசலில் போய் நின்றாக வேண்டும். நின்றார். தரையைப் பார்த்தபடியே சொல்லி முடித்தார்.

தையல்காரர் கத்தரியை நிறுத்தவில்லை. “தெரியும்ணே. துணி குறைஞ்சா எனக்குத் தெரியாதா?” துணியின் ஓரம் வந்ததும் மெல்லச் சேர்த்தார்: “தங்கச்சிக்குச் சட்டைய ரொம்பப் பெருசா வெட்டிட்டீங்க. கொண்டாந்து போடுங்க.”

கடைக்குள் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாமாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் பட்டப்பகலில், போகிறவர் வருகிறவர் பார்க்க, மண்வெட்டியோடு பொருக்கைச் சுரண்டினார். தங்கை கூடையோடு வந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்க்காமலே அள்ளிப் போட்டார். சாயங்காலம் லாரி தெருமுனை திரும்பி வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும்வரை, மாமா வந்தது யாருக்கும் தெரியவில்லை.