பளிச்சென்று கழுவிய தொட்டி

கோழிப்பண்ணை ஷெட்டை மருந்தடித்துக் கழுவியே பழகிய கை இது. வீட்டுக் கடல்மீன் தொட்டியில் க்ளௌன் மீன் ஜோடி ஒரு கல்லை வாயால் துடைத்துக்கொண்டே இருந்தது. கல்லில் இருக்கும் அழுக்கு அதுகளுக்குப் பிடிக்கவில்லை போல என்று கல்லையும் ஃபில்டர் பஞ்சையும் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினேன். மூன்றாம் நாள் இரண்டும் செத்து மிதந்தன.

"சீக்கு மீனைக் குடுத்துட்டீங்க! என் தொட்டி பிளீச்சிங் போட்டுக் கழுவுனதுங்க" என்று சேலத்துக் கடைக்காரரிடம் போனில் கத்தினேன்.

மறுநாள் அவரே பஸ் ஏறி வந்தார். கையில் அவர் தொட்டியின் அழுக்குப் பஞ்சு.

"மீன் கழிவு விஷமாகாம தண்ணியக் காப்பாத்துற கிருமி இதுலதானுங்க இருக்குது. உங்க பிளீச்சிங் அதைக் கொன்னுருச்சுங்க" என்று ஃபில்டரில் வைத்தார். "எதுக்குங்க கழுவுனீங்க?"

மீன்கள் கல்லைத் துடைத்ததைச் சொன்னேன். அவர் குனிந்து அந்தக் கல்லை விரலால் தடவிப் பார்த்தார்.

"முட்டை வெக்கத்தானுங்க துடைச்சிருக்கும்."

அந்தக் கிருமி பெருகட்டும் என்று ஒரு மாதமாக மீனில்லாமல் தண்ணீர் மட்டும் ஓடுகிறது. கல்லில் பாசி படிகிறது. தேய்த்துவிடக் கை பரபரக்கிறது. அலுத்துப்போய், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.