ஆறிலிருந்து ஏழு வரை

வண்டியை எப்போதும் இரண்டு வீடு தள்ளித்தான் நிறுத்துவாள் யார்மிலா. விளக்கை அணைத்துவிட்டு, ஆறு மணிக்கு இன்னும் நாலு நிமிடம் இருந்தால் அந்த நாலு நிமிடமும் இருட்டில் உட்கார்ந்திருப்பாள். ஐந்து ஐம்பத்தொன்பதுக்கு அழைப்புமணியை அமுக்குவது அவள் கணக்கில் அத்துமீறல். ஆறு ஒன்றுக்கு அமுக்குவது சோம்பேறித்தனம். மடியில் நீலப்பை. உள்ளே உறை பிரிக்காத கண்ணாடிக் குப்பிகள், படிவங்கள், ஒன்று எழுதாவிட்டால் இன்னொன்று என்று மூன்று பேனாக்கள்.

ஓலொமோட்ஸ் நகரில் அவள் குடியிருக்கும் கட்டடத்தில், பையைப் பார்த்துவிட்டு அவளை அழகுப்பொருள் விற்பவள் என்றே எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். கீழ்வீட்டுப் பெண்மணி ஒருமுறை முகத்துக்குப் பூசும் களிம்பு கேட்டாள். "சரக்கு தீந்துபோச்சுங்க" என்று சொல்லிவிட்டு மாடியேறினாள் யார்மிலா. முப்பது வருடம் மருத்துவமனையில் செவிலியாக இருந்து, இப்போது ஐம்பத்தெட்டு வயதில் அவள் பார்க்கும் வேலை வேறு. டென்னிஸ் ஆடும் பெண்களின் வீட்டுக்கு முன்னறிவிப்பில்லாமல் போய், அவர்களுடைய சிறுநீரை வாங்கி, இரண்டு குப்பிகளில் பிரித்து முத்திரையிட்டு அனுப்ப வேண்டும். அதில் ஊக்கமருந்து இருக்கிறதா என்று பார்ப்பது எங்கோ ஓர் ஆய்வுக்கூடத்தின் பாடு.

ஆட்டக்காரிகள் மூன்று மாதத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும், ஒவ்வொரு நாளும் எந்த ஒரு மணி நேரம் எங்கே இருப்பார்கள் என்று. பெரும்பாலோர் காலை ஆறிலிருந்து ஏழு என்று எழுதிவிடுவார்கள். அந்த நேரத்தில் எப்படியும் படுக்கையில்தானே கிடப்போம் என்ற நினைப்பு. அந்த மணிக்குள் வந்தவருக்கு ஆள் அகப்படவில்லையென்றால் ஒரு தவறு. வருடத்துக்குள் மூன்று தவறு சேர்ந்தால் தடை.

அவள் முன்னால் சட்டையை மார்புவரை உயர்த்த வேண்டும். காற்சட்டையை முழங்காலுக்கு இறக்க வேண்டும். கையை முழங்கைவரை சுருட்டிக்கொள்ள வேண்டும். உடம்பைவிட்டு நீர் பிரிவதை யார்மிலா தன் கண்ணால் பார்த்தாக வேண்டும். வெட்கத்தில் வராதவர்களுக்கு அவளிடம் ஒரு வைத்தியம் இருக்கிறது. ரயில் நிலையத்து ஒலிபெருக்கிக் குரலில், தாழ்வாக, வடக்கே போகும் பாதையின் நிறுத்தங்களைச் சொல்லத் தொடங்குவாள். "ஸ்டெபானோவ்... செர்வென்கா... மொராவிச்சனி..." முதல் தடவை கேட்கும் பெண்களுக்கு உடம்பு சிலிர்க்கும். "பயப்படாத கண்ணு. ஸாப்ரெ வரதுக்குள்ள வந்துடும்." பெரும்பாலும் அதற்கு முன்பே வந்துவிடும்.

டென்னிஸ் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு ஆட்டத்தைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை. உணவு விடுதித் தொலைக்காட்சியில் வெள்ளை உடுப்பில் ஒருத்தி ஓடும்போது, முகம் பிடிபடாமல், தொடையிலுள்ள தழும்பை வைத்து ஆளைக் கண்டுபிடித்திருக்கிறாள். உடனே நாற்காலியை மறுபக்கம் திருப்பிப் போட்டுக்கொள்வாள். செய்தித்தாளில் விளையாட்டுப் பக்கத்தை உருவி, படிக்காமல், காலணிக்குள் திணித்துவைப்பாள். யார் ஜெயித்தார்கள், யார் மாட்டினார்கள் என்று தெரிந்தால் கை நடுங்கும் என்பாள். நடுங்கினால் சொட்டு சிந்தும்.

நாய்கள் அவளைக் கண்டு குரைப்பதில்லை. வாசலில் படுத்திருப்பவை எழுந்து ஒதுங்கி வழிவிடும். ஒரு பெண் தூக்கம் கலையாமலே கதவைத் திறந்து, குப்பியை நிரப்பி, கையெழுத்தும் போட்டுவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்தாள். அடுத்த முறை பார்த்தபோது, "நீங்க என் கனவுல வந்தீங்க அத்தை" என்றாள். யார்மிலா திருத்தவில்லை.

அப்பொலேனா என்ற ஆட்டக்காரியின் வீடு லிபோவ்கா கிராமத்தின் கடைசியில், சர்க்கரை ஆலைக்குப் போகும் பீட் கிழங்கு வயல்களைப் பார்த்தபடி இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அந்த வீட்டில்தான் யார்மிலா அவளிடம் மாதிரி எடுத்தாள். மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. நீரில் ஏதோ ஒரு பொருள், கடுகளவிலும் கடுகளவு. இரும்புச்சத்து மாத்திரையில் கலந்து வந்திருக்கும் என்றாள் அப்பொலேனா. மாத்திரை டப்பா காலியாகிக் குப்பைக்குப் போயிருந்தது. விசாரணையில் யார்மிலாவைக் கணினித் திரை வழியே கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"முத்திரை உடைஞ்சிருந்துதா?"

"இல்ல."

"குப்பியை எடுத்தது யாரு?"

"அவங்கதான். நான் வச்ச மூணு ஜோடியில ஒண்ணு, அவங்க கையால."

பதினோரு நிமிடத்தில் முடிந்தது. நாலு வருடத் தடை, பல வாதங்களுக்குப் பிறகு இரண்டாகக் குறைந்தது.

தடை என்றால் சும்மா ஆடாமல் இருப்பதல்ல. டென்னிஸ் சங்கத்தின் வாசலை மிதிக்கக் கூடாது. பழைய பயிற்சியாளரோடு பந்து தட்டக் கூடாது. சங்கக் கூடத்துச் சுவரிலிருந்து அவளுடைய படத்தைக் கழற்றிவிட்டார்கள். ஆணி மட்டும் இருந்தது. ஆனால் தடை முடிந்து திரும்பி வர ஆசையிருந்தால், நேரத்தை மட்டும் விடாமல் எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். மணி அடித்தால் கதவைத் திறக்கவும் வேண்டும்.

ஐந்து முறை போனாள் யார்மிலா. ஐந்து முறையும் மணியை அமுக்க விரல் நீட்டும்போதே கதவு திறந்தது. விளக்குப் போடாத நடையில் அப்பொலேனா வெறுங்காலோடு நின்றிருப்பாள்.

"நான் வரேன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது அத்தை. தினமும் நிக்கிறேன்."

நாலரைக்கே எழுந்து, கழிவறைக்குப் போகாமல், அடக்கிக்கொண்டு கதவருகே நிற்பாளாம். ஏழடித்த பிறகுதான் போவாள். பின்னால் மாடிப்படியில் அவளுடைய அம்மா போஹ்தானா, போர்வையைப் போர்த்திக்கொண்டு, வேண்டுமென்றே உரக்கச் சொல்வாள்: "பால்காரி வந்துட்டா. கறந்துட்டுப் போகட்டும்."

யார்மிலா பேனாவை எடுத்து வந்த நேரத்தை எழுதுவாள்.

ஐந்தாவது முறை, குப்பிகளை மூடும்போது அப்பொலேனா கேட்டாள்: "ரெண்டாவது குப்பிய என்ன பண்ணுவாங்க அத்தை?"

"உறைய வச்சிருப்பாங்க."

"எவ்வளவு நாளைக்கு?"

"சிலதைப் பத்து வருஷம். பின்னாடி புதுசா ஏதாவது கண்டுபிடிச்சா மறுபடி எடுத்துப் பாக்கணும்ல."

"அப்ப நான் எங்க போனாலும், கொஞ்சம் அங்கதான் இருப்பேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். யார்மிலா மூடியை இன்னொரு முறை திருகிப் பார்த்தாள்.

ஆறாவது முறை போனது நவம்பரில். தடை முடிய நாற்பத்தொரு நாள் இருந்தது. உத்தரவு மூன்று வாரத்துக்கு முன்பே வெளிநாட்டு அலுவலகத்திலிருந்து வந்துவிட்டது, நாள் குறித்து. வயல்களின்மேல் மூடுபனி சுவர்போல நின்றது. கிழங்கு ஏற்றிய பாரவண்டிகள் எதிரே வரும்போது முதலில் சத்தம் வந்தது, பிறகுதான் வெளிச்சம். ஊர் முகப்பில் அறிவிப்புப் பலகையில் கருப்புக் கரை போட்ட காகிதம் ஒன்று புதிதாக ஒட்டியிருந்தது. யாரோ செத்திருக்கிறார்கள். யார்மிலா வேகத்தைக் குறைக்கவில்லை.

ஆறு மணிக்கு விரலை நீட்டினாள். கதவு திறக்கவில்லை. அந்த வீட்டு மணியின் ஓசையை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டாள்.

போஹ்தானா திறந்தாள். அந்த நேரத்துக்கே தலைவாரி, வெளியே போகிற உடுப்பில் இருந்தாள்.

"ஊக்கமருந்துச் சோதனைக்கு வந்திருக்கேன். அப்பொலேனாவப் பாக்கணும்."

போஹ்தானா அவளை வெகுநேரம் பார்த்தாள். "உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

"என்ன சொல்லணும்?"

"போன செவ்வாய்க்கிழமை ஓடப் போனா. பனி. கிழங்கு லாரிக்காரன் பாக்கல. சனிக்கிழமை அடக்கம் பண்ணியாச்சு."

மருத்துவமனையில் எத்தனையோ பேரிடம் இப்படிச் செய்தியை யார்மிலா சொல்லியிருக்கிறாள்; வாங்கிக்கொண்டதில்லை. "மன்னிச்சுக்கங்க. எனக்குத் தெரியாது. நான் பேப்பர் பாக்கறதில்ல. நான் கிளம்பறேன்."

"எங்க கிளம்பறீங்க?" போஹ்தானா கதவை அகலத் திறந்தாள். "ஒரு மணி நேரம் பூரா இருந்து பாக்கணும்ல. விதிய எனக்கு அவ வாசிச்சுக் காட்டியிருக்கா. டிசம்பர் முப்பத்தொண்ணு வரைக்கும் எழுதிக் குடுத்திருக்கா, ஆறுலேர்ந்து ஏழு, இந்த விலாசம்னு. உள்ள வாங்க. உக்காருங்க."

யார்மிலா காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். ஏன் போனாள் என்று இன்றுவரை அவளால் சொல்ல முடியவில்லை.

சமையலறை சூடாக இருந்தது. மேசைமேல் சாவு வீட்டுக்கு வந்த கசகசா அப்பங்கள் துணி மூடிக் கிடந்தன. நடையின் கோடியில் குளியலறைக் கதவு ஒருக்களித்திருக்க, உள்ளே விளக்கு எரிந்தது. யார்மிலாவின் பார்வை அங்கே போனதைக் கவனித்த போஹ்தானா, "எரியட்டும். நான்தான் போட்டு வச்சிருக்கேன்" என்றாள். இரண்டு கண்ணாடிக் கோப்பைகளில் காப்பித்தூளைப் போட்டுக் கொதிநீர் ஊற்றினாள். இருவரும் உட்கார்ந்தார்கள். சுவர்க் கடிகாரம் ஆறு பன்னிரண்டு காட்டியது.

ஆறு இருபதுக்கு மேலே கழிவறையில் தண்ணீர் திறக்கும் சத்தம் கேட்டது. குழாய்கள் சுவருக்குள் முனகிக்கொண்டே இறங்கின. இருவரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தார்கள். போஹ்தானாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனது.

"ஹுபெர்ட்" என்றாள் பிறகு. "அவ அப்பா. சனிக்கிழமையிலேர்ந்து வாய் திறக்கல. அவ பேரச் சொன்னா எழுந்து போயிடறார்."

காப்பித்தூள் கோப்பையின் அடியில் படிந்தது.

"ஒண்ணு கேக்கறேன். உண்மையச் சொல்லுங்க" என்றாள் போஹ்தானா. "அவ அந்த மருந்தச் சாப்பிட்டாளா?"

"எனக்குத் தெரியாதும்மா. குப்பிய மூடறதோட என் வேலை சரி."

"முப்பது வருஷம் நர்ஸா இருந்தீங்களாமே. முகத்தப் பாத்தா தெரியாதா?"

யார்மிலா கோப்பையைத் தள்ளிவைத்தாள். "நான் முகத்தப் பாக்கறதில்ல."

போஹ்தானா திட்டுவாள் என்று காத்திருந்தாள். திட்டவில்லை. அப்பத்தை மூடியிருந்த துணியின் ஓரத்தை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"எத்தனையோ போட்டியில தோத்திருக்கா. ஆனா உங்களுக்கு மட்டும் ஒரு நாளும் அவ டிமிக்கி குடுத்ததில்ல. காய்ச்சல்ல நின்னிருக்கா. எங்க மாமியார் செத்த அன்னைக்கும் நின்னா. அவ பேருக்கு நேரா ஆள் இல்லன்னு எழுதிடாதீங்க."

"பொய் எழுத முடியாதும்மா."

"பொய் எழுதச் சொல்லல."

படிவம் யார்மிலாவின் முன்னால் விரிந்து கிடந்தது. வந்த நேரத்தை எழுதியிருந்தாள். மணி அடித்ததை எழுதியிருந்தாள். 'ஆள் இருந்தாரா' என்ற கேள்விக்கு எதிரே இரண்டு கட்டங்கள். பேனா அங்கே போய் நின்றது. ஜன்னலுக்கு வெளியே பனி வெளுக்கத் தொடங்கியது, வயல் தெரியவில்லை. எங்கோ ஒரு பாரவண்டி போகும் அதிர்வில் கோப்பையின் கரண்டி மெல்லக் கிணுகிணுத்தது. போஹ்தானா அது அடங்கும்வரை கரண்டியைப் பிடித்துக்கொண்டாள்.

ஆறு ஐம்பத்தைந்து ஆனது.

"இப்ப போன் பண்ணணும்ல" என்றாள் போஹ்தானா. "கடைசி அஞ்சு நிமிஷத்துல ஒரு தடவ கூப்பிட்டுப் பாக்கலாம்னு இருக்கே."

"கட்டாயமில்ல."

"கூப்பிடுங்க."

யார்மிலா கைபேசியை எடுத்தாள். படிவத்தின் தலைப்பில் அச்சிட்டிருந்த அப்பொலேனாவின் எண்ணை ஒவ்வொன்றாக அமுக்கினாள். அணைத்து வைத்திருப்பார்கள் என்று நினைத்தாள். ஒரு கணம் கழித்து, பாத்திர அலமாரியின் இழுப்பறைக்குள், கரண்டிகளுக்கு நடுவே, அது ஒலித்தது. கரண்டிகளும் சேர்ந்து அதிர்ந்தன. போஹ்தானா எழுந்து போய் இழுப்பறையைத் திறந்து, கைபேசியைத் துடைத்து, முழுதாக மின்னேற்றி வைத்திருந்த அதைக் காதில் வைத்துக்கொண்டு பழையபடி எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஹலோ" என்றாள்.

அந்தச் சொல் இரண்டு முறை வந்தது. முதலில் மேசைக்கு அந்தப் பக்கமிருந்து. பிறகு, ஒரு இமைப்பு தாமதித்து, யார்மிலாவின் காதுக்குள்ளிருந்து. காதுக்குள் வந்தபோது அந்தக் குரலுக்கு முப்பது வயது குறைந்திருந்தது.

துண்டித்துவிடலாம். யார்மிலாவின் கட்டைவிரல் சிவப்புப் பொத்தானுக்குமேல் நின்றது. எதிரே போஹ்தானா அவளைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"அப்பொலேனாதான் பேசறேன்."

முறைப்படி கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. யார்மிலா அதைக் கேட்டாள்.

"இப்ப நீங்க எங்க இருக்கீங்க?"

"வீட்டுலதான் அத்தை. எழுதிக் குடுத்த இடத்துலதான். நீங்க?"

"நானும் உங்க வீட்டுலதான் இருக்கேன்."

"தெரியும். மணிச் சத்தம் கேட்டுது." போஹ்தானா கைபேசியை மறுகாதுக்கு மாற்றினாள். "கதவத் திறக்க இன்னைக்கு வர முடியல அத்தை."

"பரவால்ல."

"காலெல்லாம் ஈரமா இருக்கு. வழியெல்லாம் சேறு."

படிவத்தில் அப்படியொரு பதிலை எழுத இடமில்லை. கடிகார முள் ஏழைத் தொட்டு, தாண்டியது.

"குளிருதா?" என்று கேட்டாள் யார்மிலா.

"இல்ல. அம்மா எப்படி இருக்காங்க?"

யார்மிலா எதிரே இருந்த முகத்தைப் பார்த்தாள். நெற்றியிலிருந்து தாடை வரை, அவசரமில்லாமல் பார்த்தாள். "தலை வாரியிருக்காங்க" என்றாள். "காப்பி போட்டுக் குடுத்தாங்க. உன்னப் பத்தித்தான் பேசிட்டிருந்தோம்."

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. கனத்த, வயதான ஓர் ஆளுடைய காலடி. ஒரு படி இறங்கி நின்றது. காதுகொடுப்பதுபோல நின்று, இன்னொரு படி இறங்கியது. போஹ்தானாவுக்குக் கேட்கவில்லை. கண்ணை மூடியபடி அடுத்ததைச் சொல்ல மூச்சு இழுத்துக்கொண்டிருந்தாள்.

யார்மிலா பேனாவைப் படிவத்தின் மேலேயே விட்டுவிட்டு எழுந்தாள். கைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல், "சொல்லு, கேக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே நடந்து போய், சமையலறைக் கதவை ஓசைப்படாமல் சாத்தி, வெளியிலிருந்து யாரும் திறக்காதபடி அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.