கல்லுக்கு வயசு

கல்மலையை விட்டு நடக்கிறேன். தோளில் கற்சாக்கு, கால் கடுக்கிறது. கல் ஆராய வந்த பேராசிரியர் சண்டை தொடங்கியதும் டவுனுக்குப் போய்விட்டார். கற்களை நான் கொண்டுசேர்க்க வேண்டும்.

வாவித் துறையில் தோணிக்காரர் சாக்கைத் தூக்கிப் பார்க்கிறார்.

"என்ன தம்பி, அக்கரையில வீடு கட்டப்போறியோ?"

"இல்லண்ணன், எங்கட பேராசிரியர் ஐயாவுக்கு, கல்லுக்கு வயசு பார்க்க. நிலத்துக்குள்ள வெந்து மாறின கல்லாம். உள்ளுக்க கிடக்கிற பொடிமணியை வச்சு, இங்க மலை எப்ப எழும்பினதெண்டு சொல்லுவாங்களாம். கோடிக்கணக்கான வருசமாம்."

சிரிக்கிறார். பிறகு, தோணியில் தண்ணீர் இறைக்கும் மகனைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துகிறார்.

"இவனுக்குப் பதினேழு. ரெண்டு பக்கமும் சண்டைக்குப் பிள்ளை பிடிக்கிறானுகள். உங்கட ஐயா வயசைக் குறைச்சுச் சொல்லுவாரோ?"

"அவர் கல்லுக்குத்தான் பார்க்கிறவர், அண்ணன்."

அக்கரையில், டவுனில் சாக்கை ஒப்படைத்ததோடு என் வேலை முடிகிறது. மறுநாள் காலை ஊர் திரும்பத் துறைக்கு வருகிறேன். மகனைக் கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிட்டதாகத் தோணிக்காரர் சொல்கிறார். அவன் இடத்தில் உட்கார்ந்து நான் தண்ணீர் இறைக்கிறேன்.