மடியை உதறச் சொன்ன நாள்

போன ஆவணியில் அனுமந்தன்பட்டியில் ஒரு கல்யாணம். பந்தியில் பாயசம் குடிக்கும்போது ஏலக்காய் ஒன்று முழுசாகப் பல்லில் அகப்பட்டது. பக்கத்து இலைக்காரர் தனக்கு வந்ததை விரலால் எடுத்து ஓரத்தில் வைத்துவிட்டார். எனக்கு அப்படி ஒதுக்க மனசு வராது, மென்று விழுங்கிவிடுவேன். ஒரு சாக்கு காய் எடுக்க எத்தனை தடவை குனிய வேண்டும் என்பது என் முதுகுக்குத் தெரியும். ரிட்டயரான டீச்சர் முதுகுதான். ஆனாலும் அது மறக்கவில்லை.

ஆமாம், டீச்சராவதற்கு முன்னால் இரண்டு வருசம் நான் ஏலத்தோட்டத்தில் காய் எடுத்தவள். எழுபதுகளின் நடுவில். காமயகவுண்டன்பட்டிப் பக்கம் எங்கள் காலனி. அங்கே எஸ்.எஸ்.எல்.சி. முடித்த முதல் பெண் நான்தான். மேலே படிக்க வழியில்லை, அதனால் ஜீப்பில் ஏறினேன். ஈரச்சாக்கு, மூக்குப்பொடி, அட்டைக்கடிக்குத் தேய்த்த புகையிலை, எல்லாம் கலந்த ஒரு நெடி அந்த ஜீப்புக்கு உண்டு. ஏழெட்டுப் பேர் உட்காரும் வண்டியில் இருபது பெண்கள் அடைந்து மலை ஏறுவோம். நான் ஒரு சாக்கு நிறைப்பதற்குள் மற்றவர்கள் இரண்டாவது சாக்கைக் கட்டிவிடுவார்கள். "பேனா பிடிச்ச கைல்ல, காயைப் பாத்தா கையெழுத்துப் போடப் போகுது" என்று சிரிப்பார்கள்.

அந்த ஜீப்பில்தான் வெள்ளத்தாய் மதினி வருவாள். என் பெரியப்பா மகனின் மனைவி. முப்பது வயசிருக்கும். பள்ளிக்கூடத்து வாசலை மழைக்குக்கூட மிதித்ததில்லை. ஆனால் நின்ற இடத்தில் நாலு வரி கட்டிச் சொல்வாள். ஜீப்பின் தகரத்தில் உள்ளங்கையால் தட்டிக்கொண்டே சொல்வாள். பாட்டு என்றால் கோபம் வந்துவிடும்.

"பாட்டுக்கு ராகம் வேணும் பிள்ள. எனக்கு ராகம் வராது, கோவந்தான் வரும். இது சொல்லு."

மலை அடிவாரத்தில் ஒரு டீக்கடை இருந்தது. மற்றவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ், எங்களுக்குத் தேங்காய்ச் சிரட்டை. ஒருநாள் மதினி ஜீப்பில் எழுந்து நின்று கடைக்காரர் முகத்துக்கு நேராகச் சொன்னாள்:

"செரட்டையில டீ ஊத்தும் கடைக்காரரே,
செரட்டை தேஞ்சு போச்சு, எங்க நாக்குத் தேயலை!"

அன்றிலிருந்து அந்தக் கடையில் எங்களில் யாரும் டீ குடிக்கவில்லை. எனக்கு அப்போது டீ என்றால் உயிர். மானம் ஒரு பக்கம், தலைவலி ஒரு பக்கம் என்று ஒரு வாரம் கிடந்து தவித்தேன்.

தோட்டத்தில் அதைவிடப் பெரிய அவமானம் ஒன்று சாயங்காலந்தோறும் காத்திருக்கும். காய் களவு போகிறதாம். அதனால் ஜீப் ஏறுமுன் வரிசையாக நிற்க வேண்டும். கங்காணி கையில் ஒரு குச்சி. "மடியை உதறு" என்பார், உதற வேண்டும். "கொண்டையை அவிழ்" என்பார், அவிழ்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் குச்சியால் சேலை மடிப்பைக் குத்திப் பார்ப்பார். நாங்கள் ஆளுக்கொரு மரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்போம்.

ஒரு மழைநாள். ராசாத்தி என்று ஒரு பெண், ஐந்து மாசம் வயிற்றில். கங்காணி அவள் வயிற்றில் குச்சியை வைத்தார்.

"இங்கன கட்டியிருக்கது காயா, பிள்ளையா?"

பக்கத்தில் நின்ற இரண்டு ஆட்கள் சிரித்தார்கள். ராசாத்தி அழவில்லை, கண்ணை மூடிக்கொண்டாள். அப்போது ஜீப்பின் தகரத்தில் படார் படார் என்று சத்தம்.

"மடியை ஒதறச் சொல்லுறியே மகராசா - இந்த
மலையை ஒனக்கு எழுதித் தந்தது எந்த ராசா?
கொண்டைக்குள்ள என்ன இருக்கு, கேக்குறியா?
கொட்டுன மழையும் கோவமும் இருக்கு, பாக்குறியா?"

இரண்டாம் தடவை சொன்னபோது நாலைந்து குரல் சேர்ந்தது. மூன்றாம் தடவை இருபது குரல். காய் உலர்த்தும் ஸ்டோருக்குள் இருந்து முதலாளி வெளியே வந்தார்.

"யாருடி இங்கன கத்துறது?"

"கத்தலை முதலாளி. சொல்றோம்" என்றாள் மதினி.

"நாளையிலருந்து இவ ஜீப்புல ஏறக் கூடாது."

முதலில் வாயைத் திறந்தது ராசாத்திதான். "அப்ப நானும் ஏறலை." அப்புறம் ஒவ்வொருத்தியாக. நான் கடைசி. "நானும்" என்று சொன்னேன், காற்றுதான் வந்தது.

மூன்று நாள் ஒருத்தரும் போகவில்லை. பழுத்த காய் வெடித்து எலியும் அணிலும் தின்கிறதென்று சேதி வந்தது. நாலாம் நாள் காலையில் கங்காணி எங்கள் காலனிக்குள் வந்தார். அதற்கு முன் அவர் கால் அங்கே பட்டதில்லை. நேராக என்னிடம் வந்தார்.

"பாப்பா, நீ படிச்ச பிள்ள. வெள்ளத்தாதான் எல்லாரையும் தூண்டிவிட்டான்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடு. ஒனக்கு ஸ்டோர்ல வேலை தாரேன்னு முதலாளி சொன்னாக."

ஸ்டோர் வேலை என்றால் காய்ந்த தரையில் உட்கார்ந்து காய் பிரிப்பது. மழை இல்லை, அட்டை இல்லை. பொய் சொல்ல மாட்டேன், அந்தக் காய்ந்த தரை கொஞ்ச நேரம் என் கண்ணுக்குள் நின்றது. பேப்பரை எடுத்துக்கொண்டு மதினியிடம் போய் விசயத்தைச் சொன்னேன்.

"எழுது. ஆனா நான் சொல்றதை எழுது" என்றாள்.

அதே நாலு வரி. எழுதி வாசித்துக் காட்டினேன். முதல் வரியிலேயே நிறுத்தினாள்.

"நான் ஒதறன்னுல்ல சொன்னேன், நீ என்ன உதறங்கிற? ஒம் பள்ளிக்கூடத்தை இதுல சேக்காத."

அடித்துவிட்டு 'ஒதற' என்று எழுதினேன். கீழே எல்லாரும் என் மைக்கூட்டில் பெருவிரலைத் தோய்த்து ரேகை வைத்தார்கள். கையெழுத்து ஒன்றே ஒன்று, என்னுடையது. கங்காணிக்கு வாசிக்கத் தெரியாது, ரேகையெல்லாம் சாட்சிக்கு என்று நினைத்துக்கொண்டார். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு சந்தோசமாகப் போனார். மேலே யார் அதை முதலாளிக்கு வாசித்துக் காட்டினார்களோ, அந்த மகராசனின் முகத்தைப் பார்க்க எனக்கு இன்றைக்கும் ஆசை.

இரண்டு நாளில் ஜீப் வந்தது. குச்சி கிடையாது, சோதனை கிடையாது என்று சேதியும் வந்தது. ஆனால் மலையாளத்து டிரைவர் தலையைச் சொறிந்தார். "வெள்ளத்தாய் சேச்சியும் கையெழுத்துப் போட்ட பிள்ளையும் வேண்டான்னு சொல்லியிருக்கு."

ஏறியவர்கள் இறங்கத் தொடங்கினார்கள். மதினி வழியை மறித்து நின்றாள்.

"ஒக்காருங்கடி! பிள்ளைகளுக்கு என்னத்தை ஆக்கிப் போடுவீக? இனிமே ஒருத்தன் நம்ம மடியில கை வைப்பானா? அதுக்குத்தான சொன்னோம். போங்க."

ராசாத்தி மதினியின் கையை விடவே இல்லை. ஜீப் நகர்ந்த பிறகுதான் கை பிரிந்தது.

அந்த மலையில் எந்தத் தோட்டமும் மதினியைச் சேர்க்கவில்லை. திராட்சைத் தோட்டத்தில் குலை வெட்டினாள், நாற்று நட்டாள், போன இடமெல்லாம் சொல்லு சொன்னாள். நான் டீச்சர் டிரெயினிங்குக்கு மனுப் போட்டேன், கிடைத்தது. ஒரு வருசம் கழித்து போடிப் பக்கத்துத் தோட்டங்களிலும் பெண்கள் அந்த நாலு வரியைச் சொல்வதாகக் கேள்விப்பட்டேன். மகராசா என்ற இடத்தில் அவரவர் கங்காணி பேரைப் போட்டுக்கொண்டார்களாம்.

மதினி இறந்து பல வருசம் ஆகிறது. அவள் சொன்னது நூற்றுக்கணக்கில் இருக்கும். நான் எழுதி வைத்தது இந்த நாலு வரிதான். டீக்கடைச் சொல்லில் முதல் இரண்டு வரி நினைவிருக்கிறது, மிச்சம் போய்விட்டது. எழுதப் படிக்கத் தெரிந்த கழுதை பக்கத்திலேயே இருந்தும் போய்விட்டது. அந்த ஸ்டோரில் இப்போது சுற்றுலா வந்தவர்கள் காபி குடிக்கிறார்களாம். முதலாளி குடும்பம் எங்கே போனதென்று தெரியவில்லை.

இதை எழுத உட்கார்ந்தபோது கங்காணியின் பேர் என்ன என்று யோசித்தேன். வரவில்லை. கூட ஜீப்பில் வந்தவர்களில் உயிரோடு இருக்கும் மூன்று பேரைக் கேட்டேன். அதில் ராசாத்தியும் ஒருத்தி. ஒருத்திக்கும் நினைவில்லை. வெள்ளத்தாய் பேரைச் சொன்னதும் மூன்று பேரும் தகரத்தில் தட்டுகிற மாதிரி கையைத் தூக்கினார்கள்.