கதவைக் கழற்றிப் போட்ட பாலம்

ஜில்லா போர்டு மெம்பர் வேலைக்குச் சம்பளம் கிடையாது. ஊரில் வாங்குகிற திட்டை மதுரைக்கும், மதுரையில் வாங்குகிற திட்டை ஊருக்கும் சுமக்கிற வேலை அது. ஓட்டுக் கேட்டு ஜெயித்துத் தொலைத்த என் சகோதரர்களே, உங்களுக்குத் தெரியாததா? எழுமலைப் பக்கத்துக்கு நான் மெம்பராக இருந்தபோது எங்கள் ஊர் ஓடைக்கு ஒரு பாலம் கேட்டு நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். தாராளமாகச் சிரியுங்கள், எழுதுகிற எனக்கே சிரிப்பு அடங்கவில்லை.

கல்யாணம் என் தலையில்

ஜெயித்த மறுநாள் என் பருத்திக் கடையைத் திறக்கப் போனால் வாசலில் பேச்சிமுத்து உட்கார்ந்திருக்கிறான். ஊரார் வயலில் கூலிக்கு ஏர் ஓட்டுகிறவன், நல்ல உழைப்பாளி. அக்கரையில் வண்டி ஓட்டுகிற சடையனின் இளைய மகள் மேல் அவனுக்கு உயிர். அந்தப் பெண்ணுக்கும் இவன் மேல் இஷ்டம்தான். குறுக்கே கிடந்தது ஓடை ஒன்றுதான்.

சடையன் தன் மூத்த மகளை ஏற்கெனவே எங்கள் ஊரில்தான் கட்டிக் கொடுத்திருந்தார். போன தீபாவளிக்கு ஓடையில் வெள்ளம். அந்தக் கரையில் பலகாரக் கூடையோடு அப்பன், இந்தக் கரையில் மகள். கூப்பிட்டால்கூடக் காதில் விழவில்லை. இரண்டு பேரும் கையை ஆட்டிவிட்டு அழுதுகொண்டே வீட்டுக்குப் போனார்கள். அந்த வருத்தம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. பேச்சிமுத்து பெண் கேட்டுப் போனதும் சொல்லிவிட்டார்: "பாலத்து மேல நடந்து வந்து கேளு, தாரேன். தண்ணியில நீந்தி வந்து கேட்டா, வேட்டியைப் பிழிஞ்சுக்கிட்டு அப்படியே திரும்பிப் போயிரு!"

தாகம்

போர்டில் இருக்கிற பணம் ஒரு சட்டிச் சோறு. பந்தியில் உட்கார்ந்திருப்பதோ ஜில்லா முழுவதும். ஒருவருக்குக் கிணறு வேண்டும், ஒருவருக்கு ரோடு, இன்னொருவருக்கு ஆஸ்பத்திரிக்குக் கூரை. ஆகவே கூட்டாளி பிடிக்காமல் காரியம் நடக்காது. நான் டி. கல்லுப்பட்டிப் பக்கத்து மெம்பரைப் பிடித்தேன். அவருக்கு ஒரு கிணறு வேண்டியிருந்தது. அவர் கை தூக்கினால் நான் தூக்குவது, நான் தூக்கினால் அவர் தூக்குவது என்று பேச்சு.

அவருடைய கிணறு ஜாம் ஜாம் என்று பாஸானது. அடுத்து என் பாலம். யாரோ ஒரு புண்ணியவான் எழுந்து, "பாலத்தை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்" என்றார். அதற்குச் சம்மதிப்பவர்கள் கை தூக்கும்படி பிரசிடெண்ட் சொன்னார். கூட்டாளி கை மேலே போயிற்று. நானும் சொன்ன வாக்குத் தவறாமல் சடாரென்று தூக்கினேன். பிரசிடெண்ட் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "உம்ம பாலத்துக்கு நீரே வேண்டாம்கிறீரா? சரி, நானே ஒருநாள் நேரில் வந்து பார்த்துட்டு முடிவு சொல்றேன்" என்றார். அப்போதுதான் திரும்பிப் பார்க்கிறேன், பியூன் கூஜாவைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறான். கூட்டாளி என் காதில் சொன்னார்: "அண்ணே, எனக்குத் தண்ணித் தாகம், பியூனைக் கூப்பிட்டேன். உங்களுக்கு என்ன வந்துச்சு?"

மரியாதை

பிரசிடெண்ட் வருகிறார் என்றதும் ஊர் ஓடையைப் பார்த்து வெட்கப்பட்டுவிட்டது. முழங்காலளவு தண்ணீரில் பெரிய மனுஷனை நடக்கவிட்டால் எம்புட்டுக் கேவலம்! நான் இரண்டு நாள் மதுரையில் இருந்துவிட்டு அவர் காரிலேயே வந்து இறங்கினால், ஓடையை அடையாளமே தெரியவில்லை. பனந்தடிகளைக் குறுக்கே போட்டு, வீட்டுக் கதவுகளைக் கழற்றி மேலே பரப்பி, கதவு மேல் கல்யாணப் பாயை விரித்து, இரண்டு பக்கமும் வாழை கட்டியிருக்கிறார்கள். நாயனம் வேறு. பிரசிடெண்ட் காரை அக்கரையில் நிறுத்திவிட்டு, மாலையும் கழுத்துமாக ஓடையைத் தாண்டினார். என் தோளில் தட்டி, "என்னய்யா மெம்பர், மதுரையில எங்க வீட்டு வாசல்கூட இம்புட்டு ஜோரா இல்லை. உங்களுக்கு எதுக்குய்யா பாலம்?" என்றார்.

திரும்பும்போது

விருந்து முடிந்து வெற்றிலையும் போட்டுக்கொண்டு ஓடைக்கு வந்தோம். பாயைக் காணோம். கதவைக் காணோம். பனந்தடிகளையும் அவரவர் மாடு கட்டி இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள். இரவல் வாங்கின பொருளை விசேஷம் முடிந்த கையோடு திருப்பிவிடுவதில் எங்கள் ஊர்க்காரர்களை மிஞ்ச ஆள் கிடையாது. வந்த விருந்தாளி திரும்பிப் போக வேண்டுமே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை! கடைசிக் கதவைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு அம்மாள் போனாள். நான் ஓடிப்போய் மறித்தேன். "அதான் பிரசிடெண்டு வந்துட்டாருல்ல? பிறகென்ன? வீட்டுல ஆடு புகுந்து கம்பைத் தின்னுக்கிட்டிருக்கு, வழியை விடுங்க!" என்றாள்.

தோள் மேல் ஒரு மீட்டிங்

நான் திகைத்து நிற்க, பேச்சிமுத்து முன்னால் வந்து குனிந்தான். பிரசிடெண்ட் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் தோளில் ஏறினார். நட்டாற்றில் போய் நின்றுகொண்டான் பயல்! சடையனின் தீபாவளிக் கூடையிலிருந்து ஆரம்பித்துத் தன் கல்யாணக் கதையைச் சாவகாசமாகச் சொல்லுகிறான். அக்கரையில் சடையன் கைகட்டி நின்று ஒவ்வொன்றுக்கும் தலையாட்டுகிறார். ஊரே மூச்சு விடாமல் பார்க்கிறது. கதை முடிகிற வரை அவன் ஒரு அடி நகரவில்லை. கடைசியில் மேலேயிருந்து குரல் வந்தது: "பாலமும் தாரேன், கல்யாணத்துக்கும் வாரேன். முதல்ல என்னைக் கரையில இறக்குடா, மாப்ள!"

பாலம் வந்த பிறகு

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் மனுஷர். அடுத்த மீட்டிங்கில் பாலம் பாஸானது. கூட்டாளி இரண்டு கையையும் தூக்கினார். அறுப்பு முடிந்ததும் கல்யாணம். பெண் மாலையோடு பாலத்தில் நடந்து வந்தாள். பின்னால் சடையன், தலையில் பலகாரக் கூடை, முகமெல்லாம் சிரிப்பு. மூத்த மகள் பாதிப் பாலம் வரை ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வாங்கின திட்டெல்லாம் அந்த நிமிஷத்தோடு தீர்ந்தது.

கொஞ்ச நாள் கழித்துப் பேச்சிமுத்து மறுபடி கடை வாசலில் உட்கார்ந்திருந்தான். முகம் தொங்கிப்போயிருந்தது. என்னப்பா என்றேன். தலையைச் சொறிந்துகொண்டே சொன்னான்: "பாலம் நல்லாத்தான் இருக்குங்க மெம்பரய்யா. ஆனா மாமா தினமும் கூடையைத் தூக்கிக்கிட்டு வந்து, பொழுது சாயுற வரைக்கும் எங்க வீட்டுலயே உக்காந்திருக்காரு. வாரத்துல ஒரு நாளாவது பாலத்தை மூடி வைக்கப் போர்டுல சொல்லுங்க!"

ஓடைக்குப் பாலம் வாங்கித் தரப் போர்டால் முடியும், அதன் மேல் நடந்து வருகிற மாமனாரைத் திருப்பி அனுப்ப மட்டும் சர்க்காராலும் ஆகாது.