விட்டேன் என்ற சொல்

கூடலூரில் விடிந்தும் விடியாமல் ஏலத்தோட்டத்து ஜீப்பில் ஏறும் பெண்களில் ரோஸ்லினும் ஒருத்தி. வயது இருபத்தொன்பது. பிறந்தது அனுமந்தன்பட்டி. அந்த ஊரில் இன்றைக்கும் அவளுக்குப் பெயர் "கேட்ச விட்டவ". அவள் விடவே இல்லை என்பது ஊருக்கு எங்கே தெரியும்?

பன்னிரண்டாவது படிக்கும்போது பள்ளியில் பெண்கள் பேஸ்பால் அணி ஆரம்பித்தார்கள். பி.டி. மாஸ்டர் விஜய்ராஜ் கபடிக்காரர். ஆங்கிலத்தில் இருந்த விதிப் புத்தகத்துக்கு அழகாக அட்டை போட்டுப் பையில் வைத்துக்கொண்டாரே தவிர, ஒருநாளும் பிரித்ததில்லை. ரோஸ்லின்தான் அதை இரவல் வாங்கி, அகராதியும் கையுமாக எழுத்துக்கூட்டிப் படித்தாள். மாநிலப் போட்டியில் ஜெயித்தால் சர்டிபிகேட். சர்டிபிகேட் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் மதுரையில் கல்லூரி சீட்டு. அவள் மார்க்குக்கு வேறு வழி கிடையாது.

இறுதி ஆட்டம், கடைசி இன்னிங்ஸ். இவர்கள் ஒரு ரன் முன்னால். இரண்டு அவுட் எடுத்தால் போதும். எதிரணிக்காரி ஒருத்தி மூன்றாவது பேஸில் நின்றாள். அங்கிருந்து பந்தடிக்கும் இடமான ஹோமுக்கு ஓடிவந்தால் ஒரு ரன். அடித்த பந்து வானத்துக்கு ஏறியது. அது எப்படியும் தரையில் விழும் என்று நம்பி அவள் ஓட்டமெடுத்துவிட்டாள். ரோஸ்லின் முன்னால் பாய்ந்து, இடது கை கிளவுஸில் பந்தைப் பிடித்து, இரண்டு எட்டு ஓடினாள். பந்து பிடிபட்டால் ஓடியவள் திரும்பி வந்து பேஸைத் தொட்டாக வேண்டும். அதற்குள் பந்து அங்கே போனால் அவளும் அவுட், ஆட்டம் முடிந்தது. அந்த மூன்றாவது பேஸில் தோழி சினேகா காத்திருந்தாள்.

வலது கையால் எடுத்து எறிந்திருக்கலாம். ஆனால் சின்ன வயதிலிருந்து திராட்சைப் பந்தலுக்கடியில் வேலை பார்த்த உடம்பு அது. வலது கை கத்தரிக்கோலுக்கு. குலையை ஏந்துவதும் இடது கை, கூடையில் விடுவதும் இடது கை. அதே பழக்கத்தில் கிளவுஸிலிருந்தே பந்தைச் சினேகா பக்கம் தட்டிவிட்டாள். தரையில் ஒரு குத்து குத்தி வந்த பந்தை எடுத்துச் சினேகா பேஸை மிதித்தாள். ஜெயித்துவிட்டோம் என்று எல்லாரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். அம்பயர் அவுட் கொடுக்கவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. அதற்குள் ஓடியவளும் அடித்தவளும் ஹோமுக்கு வந்து சேர்ந்து இரண்டு ரன் எடுத்துவிட்டார்கள்.

அம்பயருக்குக் கண்ணில் வெயில் அடித்ததாம். ரோஸ்லினைக் கூப்பிட்டுக் கேட்டார். "ஏம்மா, பந்து எப்படிக் கீழ வந்துச்சு?"

"நாந்தான் சார் விட்டேன்."

விதிப்படி அது நூற்றுக்கு நூறு சரியான பதில். பந்தை அடக்கிப் பிடித்தவள் மனசறிந்து விட்டால் அது கேட்ச்தான். ஆனால் கேட்சை விட்டேன் என்றால் நம் ஊரில் பால்குடிப் பிள்ளைக்குக்கூட ஒரே அர்த்தந்தான், கிரிக்கெட் சொல்லிக்கொடுத்த அர்த்தம். "அந்தப் பிள்ளையே விட்டுட்டேன்னு ஒத்துக்கிருச்சே" என்று அம்பயர் கையை விரித்துவிட்டார்.

ரோஸ்லின் மாஸ்டரிடம் ஓடினாள். "சார், புத்தகத்த எடுங்க சார். அதுல இருக்கு."

"சும்மா இரு ஆத்தா. அம்பயர்ட்ட மல்லுக்கட்டுனா அடுத்த வருசம் நம்மளக் கூப்பிட மாட்டாக" என்றார் விஜய்ராஜ்.

அடுத்த வருஷம் அவருக்கு இருந்தது. அவளுக்கு ஏது? சீட்டு போயிற்று. கூடலூரில் கட்டிக்கொடுத்தார்கள். ஏலக்காய் எடுக்கப் போனாள்.

போன மாதம் ஜீப் நிற்கும் இடத்தில் விஜய்ராஜ் மாஸ்டரே எதிரில் வந்தார். அம்பயர் பரீட்சை பாஸ் செய்திருக்கிறாராம். சட்டையில் பேட்ஜ் மின்னியது.

"ரோஸ்லினு! அன்னைக்கு நீ பிடிச்சது அவுட்டுதாம்மா. பரீட்சைக்குப் படிக்கையிலதான் பார்த்தேன். நீ எதுக்கு விட்டேன்னு வாயக் குடுத்த? தட்டிவிட்டேன்னு சொல்லிருக்கலாம்ல?" என்று சிரித்தார்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அதிலும் பழி அவள் தலையில். பன்னிரண்டு வருஷத்து வசவு அத்தனையையும் அவர்மேல் கொட்ட நினைத்தாள். "ஜீப்பு கெளம்புது சார்" என்று மட்டும் சொல்லி ஏறிக்கொண்டாள்.

"ஆருடி அது?" என்று பக்கத்தில் இருந்த சண்முகத்தாய் கேட்டாள். பந்து போன கதையும் சீட்டு போன கதையும் அவளுக்குத் தெரியும்.

"எங்க பி.டி. சாரு. அன்னைக்கு நான் பிடிச்சது சரிதானாம். இப்பத்தான் புத்தகத்துல பார்த்தாகளாம்."

சண்முகத்தாய் சோற்றுத் தூக்கை மடியில் சரியாக வைத்துக்கொண்டு, நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். "அப்ப இனிமே சீட்டு குடுப்பாகளா?"